மூன்றாவது தடவையாகச் சேர்த்த இசைத்தட்டுகள்

பாரிஸ் நகரின் வடபுறத்தே, லா கூர்னெவில், ஏழாம் மாடியிலுள்ள ஒரு தொடர்மாடி வீட்டின் முன்னறையிலே, தொலைக்காட்சிக்கும் சாமிப்படத் தட்டுக்கும் இடைப்பட்ட சுவர் முழுவதும் இசைத்தட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. வீடு எமது பெரியப்பாவின் மகனுடையது, இசைத்தட்டுகள் பெரியப்பாவினுடையவை. இரண்டு படுக்கையறைகள், ஆறு மனிதர்கள், அவர்களோடு 412 இசைத்தட்டுகள். எம்மவர் வீடுகளில் இடத்தின் அருமை எத்தகையது என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

சென்ற தை மாதத்தில் மச்சாள் எம்மைத் தொலைபேசியில் அழைத்தார். மூத்த மகள் இவ்வாண்டு உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கிறாள். அவள் இருந்து படிப்பதற்கு ஒரு மேசை வைக்க அவ்வீட்டில் இடமில்லை. "தம்பி, நாங்கள் சொன்னால் மாமாவுக்குக் கோவம் வரும். நீங்கள் ஒருக்கா வந்து, எது வேணும், எது வேண்டாம் எண்டு ஒரு கணக்கு எடுத்துத் தாங்கோ" என்றார். அவர் கேட்டதில் அநியாயம் எதுவுமில்லை. ஒரு காலத்தில் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர் நாம் என்பதனால், பட்டியல் தயாரிக்க வேண்டுமென்றால் உறவினர்கள் எம்மைத்தான் தேடுகிறார்கள். அந்தப் படிப்பினால் இந்நாட்டில் எமக்குக் கிடைத்த பயன் ஏறத்தாழ இவ்வளவுதான்.

ஒரு கொப்பியும் பேனையுமாகப் போய்ச் சேர்ந்தோம். பெரியப்பாவுக்கு இப்போது 84 வயது. வலது காது கேட்பதில்லை. இடது காதுக்கு ஒரு கருவி மாட்டியிருக்கிறார். கொப்பியில் மூன்று கோடுகள் இழுத்து, பாடியவர், வெளிவந்த ஆண்டு, தட்டின் நிலை என்று தலைப்பிட்டோம். அவர் மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்துவிட்டு, "இன்னொரு கோடு கீறு. எங்கை எடுத்தது எண்டு எழுத வேணும்" என்றார்.

அந்த நான்காவது கோட்டினால்தான் ஒரே நாளில் முடிய வேண்டிய வேலை மூன்று மாதங்களுக்கு நீண்டது. இக்கட்டுரையும் அதன் விளைவே.

அரக்கு மாளிகை

இளந்தலைமுறையினருக்காக ஒரு விளக்கத்தைக் கூறிவிட்டு மேலே செல்வோம். எமது பாட்டன்மார் காலத்து இசைத்தட்டு பிளாஸ்ரிக்கினால் ஆனதன்று. அதன் முக்கிய மூலப்பொருள் அரக்கு. தபாற் கந்தோரில் பொதிகளுக்கு முத்திரை வைப்பார்களே, அதே அரக்கு. மரக்கிளைகளில் ஒட்டிவாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. உலகத்துக்கு வேண்டிய அரக்கின் பெரும்பகுதியை அந்நாளில் வழங்கிய நாடு இந்தியா. பத்து அங்குல விட்டமுள்ள அத்தட்டு நிமிடத்துக்கு 78 தடவை சுழலும். ஒரு பக்கம் மூன்று நிமிடங்களை ஒட்டி முடிந்துவிடும். கை தவறினால் அப்பளம்போல நொறுங்கும். ஓர் இராகத்தை இரவிரவாக விரித்து வாசிக்கவல்ல திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை போன்ற மேதைகளும் தமது தோடியை அந்த மூன்று நிமிடங்களுக்குள் மடித்து வைக்க வேண்டியிருந்தது.

இந்தியாவில் பெருமெடுப்பிலான முதல் ஒலிப்பதிவு 1902ஆம் ஆண்டு கல்கத்தாவில், பிரெட் கைஸ்பேர்க் என்ற அமெரிக்கரால் நடத்தப்பட்டது. அங்கே பாடிய கௌஹர் ஜான் என்ற பாடகி, பாட்டு முடிந்ததும் தமது பெயரை ஆங்கிலத்தில் உரக்கக் கூறி முடிப்பார். பதிவுகள் தட்டுகளாக அச்சிடப்பட்டது ஜேர்மனியிலுள்ள ஹனோவர் நகரத்தில். எந்தப் பாட்டு யாருடையது என்று அங்குள்ள தொழிலாளருக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. பெரியப்பா இந்நாட்டில் தஞ்சம் கோரியபோது நடந்த விசாரணையில், மொழிபெயர்ப்பாளர் முதலிற் கேட்டது பெயரைத்தானாம். "எனக்கு உடனை கௌஹர் ஜானின்ரை ஞாபகம் வந்திட்டுது. சிரிப்பும் வந்திட்டுது. அந்த மனிசி நான் பகிடி பண்ணுறன் எண்டு நினைச்சிருப்பா" என்று அவர் எமக்குச் சொன்னார்.

அவர் 1961ஆம் ஆண்டு, இருபது வயதில், அரசாங்க எழுதுவினைஞராகக் கொழும்புக்குச் சென்றவர். வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறை. அக்காலத்தில் இலங்கை வானொலி தென்னாசியா முழுவதிலும் கேட்கப்பட்ட நிலையம். 1950இல் அதன் வர்த்தக சேவை ஆரம்பமாயிற்று. 1952இல் இந்திய அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடமில்லாமற் செய்தபோது, இந்திய நேயர்கள் கூட்டங்கூட்டமாகக் கொழும்பின் பக்கம் வானொலி முள்ளைத் திருப்பினார்கள். தமிழ், சிங்களம், ஹிந்தி, ஆங்கிலம் என நான்கு மொழிப் பாடல்கள் ஒரே முள்ளின் கீழ்க் கிடைத்த காலம் அது. பெரியப்பாவின் காது அங்கேதான் பழுதாயிற்று என்று எமது தந்தையார் சொல்வார். சம்பளத்தில் மிஞ்சிய காசெல்லாம் இசைத்தட்டாயிற்று. சைகாலும் ஜிம் றீவ்ஸும் பைலாவும் மதுரை மணி ஐயரும் அந்த அறையில் அடுத்தடுத்து இருந்தார்கள். ஜிம் றீவ்ஸ் 1964இல் விமான விபத்தில் இறந்தபோது, கந்தோரில் தமிழரும் சிங்களவரும் பறங்கியருமாகச் சேர்ந்து கவலைப்பட்டார்களாம்.

1983 ஆடி மாதத்தில் அந்த அறை எரிந்தது. என்ன நடந்தது என்பதை எம் வாசகர்கள் அறிவார்கள். பலர் எம்மைவிட நன்கறிவார்கள். அகதி முகாமிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் வந்து இறங்கிய பெரியப்பாவின் கையில் ஒரு துணிப்பை மட்டுமே இருந்தது. அந்தத் தடவை எத்தனை தட்டுகள் போயின என்பதை அவர் இன்றுவரை சொன்னதில்லை. ஒன்றை மட்டும் சொல்வார். புதிய பிளாஸ்ரிக் தட்டுகள் எரிந்தபோது கரும்புகைதான் வந்ததாம். பழைய தட்டுகள் எரிந்தபோது தபாற் கந்தோர் மணம் வந்ததாம். "பாரதத்திலை அரக்கு மாளிகை எண்டு படிச்சனாங்கள். அது எப்பிடி மணந்திருக்கும் எண்டு எனக்குத் தெரியும்."

மின்சாரம் இல்லாத ஊரில்

எமக்குப் பெரியப்பாவின் இரண்டாவது சேகரிப்புத்தான் தெரியும். 1990 ஆனி மாதத்தில் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பற்றறியும் தடை; மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தலுக்குள் திரியிட்ட சிக்கன விளக்கிலே நாம் படித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். செய்திக்காகச் சுற்றலாம், பாட்டுக்காக யார் சுற்றுவது?

இணுவிலில் எமது வீட்டுப் பரணில் பாட்டனாரின் கிராமபோன் பெட்டி கிடந்தது. எச்.எம்.வி. 102 என்ற வகை. பெட்டிபோல மூடிக் கையில் எடுத்துச் செல்லக்கூடியது. அதற்கு மின்சாரமும் வேண்டாம், பற்றறியும் வேண்டாம். கைபிடியால் வில்லை முறுக்கினால் சுற்றும். நாகரிகம் வந்தபோது பரணில் ஏறிய பெட்டி, நாகரிகம் போனபோது கீழே இறங்கியது. திருமண வீடுகளுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ஒருவர் அயலில் இருந்தார். மின்சாரம் இன்றித் தொழில் படுத்துவிட்டமையால், தமது பழைய இசைத்தட்டுப் பெட்டியை அவர் பெரியப்பாவுக்கே கொடுத்துவிட்டார். 130 தட்டுகள். தியாகராஜ பாகவதர், சுந்தராம்பாள், நாதஸ்வரம், கிறிஸ்தவ கீதங்கள், சிங்களத் தட்டுகள் நான்கு.

அடுத்த சிக்கல் ஊசி. உருக்கு ஊசியை ஒரு பக்கம் முடிந்ததும் மாற்றவேண்டும். மாற்றாவிட்டால் தேய்ந்த முனை தட்டின் வரியைக் கீறிவிடும். ஊசிக்கு நாம் எங்கே போவது? பெரியப்பா தேசிமரத்து முள்ளை வெட்டி, வெயிலில் உலர்த்தி, ஊசி செருகும் துளைக்குப் பொருந்தச் சீவினார். அது அவருடைய கண்டுபிடிப்பு என்றே நாம் பல ஆண்டுகள் நம்பியிருந்தோம். இங்கு வந்த பின்னரே, இங்கிலாந்தின் இசைப் பிரியர்களும் தட்டுக்குச் சேதம் வராதிருக்க மூங்கில் ஊசியும் முள் ஊசியும் பாவித்தவர்கள் என்பதை வாசித்து அறிந்தோம். முள்ளின் ஓசை மெல்லியது. ஐந்து பேர் பெட்டியைச் சுற்றி நெருங்கி இருந்தால்தான் கேட்கும். மேலே ஹெலிகொப்டர் வந்தால் அதுவும் கேட்காது. அவ்வேளையில் நாமும் பதுங்குகுழிக்குள் இருப்போம்.

1993ஆம் ஆண்டு ஒரு மாலைப்பொழுதில் அவர் சிங்களத் தட்டு ஒன்றைப் போட்டார். பாடியவர் ருக்மணி தேவி. 1947இல் வெளிவந்த முதலாவது சிங்களப் பேசும் படத்தின் நாயகி. அப்படத்தைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர் என்பதைப் பெரியப்பா எமக்கு அப்போதுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து வளவுக்காரர் வேலியோரம் வந்து நின்றார். அவருடைய மகன் இறந்து ஓராண்டு ஆகவில்லை. "வாத்தியார் வீட்டிலை உந்தப் பாட்டோ கேக்குது?" என்றார், குரலை உயர்த்தாமலே. பெரியப்பா முள்ளைத் தூக்கினார், தட்டை உறையில் இட்டார், எதுவும் பேசவில்லை. அந்த மனிதர் போன பின்னர், பதின்மூன்று வயதுக்குரிய நியாய உணர்ச்சியோடு நாம் கேட்டோம்: பாட்டிலே என்ன பிழை இருக்கிறது?

"பாட்டிலையும் பிழை இல்லை. அந்த மனிசன்ரை காதிலையும் பிழை இல்லை" என்றார்.

அத்தட்டை அவர் உடைக்கவில்லை, ஒளிக்கவுமில்லை. ஆனால் அந்த அயலவர் வீட்டிலிருக்கும் நேரத்தில் அதை மீண்டும் போட்டதை நாம் காணவில்லை.

1995 ஐப்பசியில் படையெடுப்பு நெருங்கியபோது, 130 தட்டுகளையும் உரப்பைகளில் சுற்றி ஆட்டுக் கொட்டிலின் கீழே புதைத்தோம். நிலம் ஈரமில்லாதது என்று பெரியப்பா தெரிந்தெடுத்த இடம். ஐப்பசி 30ஆம் திகதி இரவு, கொட்டும் மழையில், நாவற்குழிப் பக்கமாக இலட்சக்கணக்கான சனத்தோடு நாமும் நடந்தோம். கிராமபோன் பெட்டியைக் கொண்டுவர முடியாது; எமது பாட்டியைச் சைக்கிளில் இருத்தி உருட்ட வேண்டியிருந்தது. புறப்படுமுன் பெரியப்பா பெட்டியின் ஒலித்தலையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஊசியின் அதிர்வை ஓசையாக்கும் மெல்லிய தகடு அதற்குள்தான் உண்டு, உள்ளங்கைக்குள் அடங்கும். அடுத்த வைகாசியில் திரும்பிச் சென்றபோது பெட்டி இல்லை. ஆட்டுக் கொட்டிலும் இல்லை. நிலம் கிண்டப்பட்டிருந்தது, யார் கிண்டினார்கள் என்று தெரியாது. பதினொரு தட்டுகள் முழுமையாகக் கிடைத்தன. அவற்றை ஊரிலுள்ள ஒரு நாதஸ்வரக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்.

ஒலித்தலை இப்போது லா கூர்னெவில், சாமிப்படத் தட்டில், விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

குப்பையும் பொக்கிஷமும்

1999இல் பெரியப்பா பாரிஸ் வந்து சேர்ந்தார். அறுபதை நெருங்கியவருக்கு உணவகத்தில் வேலை கொடுப்பார் இல்லை. தபாற்பெட்டிகளில் விளம்பரத் தாள்கள் போடும் வேலை கிடைத்தது. எம்மவர் பலர் செய்த வேலை அது. அக்காலத்தில் வெள்ளையர்கள் குறுந்தட்டுக்கு மாறி, பழைய இசைத்தட்டுகளைக் கட்டுக்கட்டாகத் தெருவோரத்தில் வைத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய கழிவுகளை நகரசபை அள்ளும் நாள் எந்தத் தெருவில் எப்போது என்பது விளம்பரத் தாள் போடுபவருக்குத் தெரியாமற் போகுமா? தள்ளுவண்டியில் தாள்களோடு சென்றவர் தட்டுகளோடு திரும்பினார். இரண்டொரு பிராங்குக்கு ஞாயிறு வீதிச் சந்தைகளிலும், நகரத்தின் வட எல்லைக்கு அப்பாலுள்ள சென்-துவான் பழம்பொருட் சந்தையிலும் வாங்கினார். இன்று நிலைமை மாறிவிட்டது. 2020இல் அமெரிக்காவில் இசைத்தட்டு விற்பனையின் வருவாய் குறுந்தட்டின் வருவாயை முந்தியது. அன்று குப்பையிலிருந்து எடுத்த சில தட்டுகளுக்கு இன்று கடைக்காரர்கள் நாற்பது யூரோ கேட்கிறார்கள். பேத்தி இதைச் சொன்னபோது பெரியப்பா பெருமைப்படவில்லை, எரிச்சற்பட்டார்.

பட்டியலின் நான்காவது கோட்டில் எழுதிய இடங்களைத் தொடர்ந்து வாசித்தால் ஓர் அகதியின் பாரிஸ் வரைபடம் கிடைக்கும். அவற்றுள் "பார்பெஸ்" என்ற பெயர் ஐம்பத்தாறு தடவை வருகிறது. லாச்சப்பலில் மரக்கறி வாங்கப் போகும் எம்மவர் அடுத்துள்ள பார்பெஸ் பகுதியை அவசரமாகக் கடந்துவிடுவதே வழக்கம். பெரியப்பா அங்கே ஓர் அல்ஜீரியரின் சிறிய கடையைக் கண்டுபிடித்தார். வாசலில் ஒலித்துக்கொண்டிருந்த பெண் குரல் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் வேறு விதமாக. பெரியப்பா மரக்கறிப் பையோடு நாற்பது நிமிடம் நின்றாராம். பாட்டு முடியவில்லை.

அது உம்மு குல்தூம். எகிப்தின் மாபெரும் பாடகி, 1975இல் மறைந்தவர். மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவுகளில் கெய்ரோ வானொலி அவருடைய கச்சேரியை ஒலிபரப்பும்போது அரபு நாடுகளின் தெருக்கள் வெறிச்சோடின என்பார்கள். 1967 கார்த்திகையில் பாரிஸின் ஒலிம்பியா அரங்கிலும் பாடியிருக்கிறார். ஒரு பாட்டு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீளும். பெரியப்பாவுக்கு அரபு மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அவர் கேட்டவுடன் பிடித்துக்கொண்டது வேறொன்று. "இது நிரவல் அல்லோ!" என்றார். ஒரே சாகித்திய அடியை எடுத்து, சொல் மாறாமல், தாளம் பிசகாமல், இராகத்தின் புதுப்புது வழிகளில் விரிப்பதைத்தான் எமது கச்சேரிகளில் நிரவல் என்கிறோம். முதலில் சில சுரங்கள் சுருதி பிசகியதாகவே அவருக்குப் பட்டனவாம். அராபிய இசையில் எமது பன்னிரு சுரத்தானங்களுக்கு இடையில் விழும் சுரங்கள் உண்டு. ஆறு மாதம் கேட்ட பின்னர், பிசகியது தம்முடைய காதே என்று தெரிந்துகொண்டதாகச் சொல்கிறார்.

அதன்பின் எல்லா இசையிலும் உறவு தேடுவது அவருக்கு ஒரு விளையாட்டாயிற்று. ஹிஜாஸ்கார் என்ற அராபிய இராகத்தில், நாம் சிறுவயதில் சரளிவரிசை பாடிய மாயாமாளவகௌளையின் சுரங்களையே கண்டார். ஸ்பானிய ஜிப்சிகளின் பிளமென்கோவில் தோடியின் சுரங்கள் ஏறி இறங்குவதைக் கேட்டார். மாலி நாட்டு அலி பார்க்கா தூரேயின் கிற்றாரில் சுத்ததன்யாசியின் சாயலைப் பிடித்தார். சுரங்கள் ஒன்றாயிருப்பதனால் இராகம் ஒன்றாகிவிடாது. கமகம் வேறு, நடை வேறு. இதை நாம் படித்த மிடுக்கோடு எடுத்துச் சொன்னபோது, "தெரியும் தம்பி. ஒரே எழுத்தாலைதான் நீ கட்டுரையும் எழுதுறாய், மச்சாள் கடைச்சிட்டையும் எழுதுறா" என்று பதில் வந்தது.

ஜோர்ஜ் முஸ்தாகியின் தட்டுகள் ஆறு இருந்தன. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் பிறந்து பாரிஸுக்கு வந்தவர் அவர். அந்நியனைக் குறிக்கும் வசைச் சொல்லையே தலைப்பாக்கி 1969இல் பாடிப் புகழ்பெற்றவர். மெதுவாக, சொல்லுச் சொல்லாகப் பாடுபவர். பெரியப்பாவின் பிரெஞ்சு முழுவதும் அவரிடம் கற்றது. நகரசபைக் கந்தோரில் அவர் பேசினால் எழுதுவினைஞர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள் என்று பேத்தி சிரிக்கிறாள்; எழுபதாம் ஆண்டுக் காதலன்போலப் பேசுகிறாராம்.

பட்டியலில் 188ஆம் இலக்கம் பாப்லோ கசால்ஸ். செலோ என்ற பெரிய வயலினில் பாஹ் இயற்றிய தனிவாத்தியத் தொகுதிகள். அதைத் தாம் வாங்கிய காரணத்தை நான்காவது கோட்டிலேயே எழுதும்படி பெரியப்பா கூறினார்: உறையிலிருந்த வழுக்கைத்தலைக் கிழவர் எங்கள் பள்ளிக்கூடத்து அதிபர் மாதிரி இருந்தார். விலை இரண்டு பிராங். யார், எவர் என்று தெரியாமலே பல ஆண்டுகள் கேட்டிருக்கிறார்.

கசால்ஸின் வரலாற்றை அவருக்குச் சொன்னவர் நாம்தான். கட்டலோனியாவைச் சேர்ந்த அவர், பதின்மூன்று வயதில் பார்சிலோனாவில் பழைய இசைநூல்கள் விற்கும் ஒரு கடையில் அந்த பாஹ் தொகுதிகளைக் கண்டெடுத்தார். ஆண்டுக்கணக்காகத் தனிமையில் பயின்ற பின்னரே மேடையில் வாசித்தார். 1936 முதல் 1939 வரை இசைத்தட்டில் பதிந்தார். அந்த ஆண்டுகள்தாம் ஸ்பானிய உள்நாட்டு யுத்தத்தின் ஆண்டுகள். 1939இல் பிராங்கோ வென்றபோது இலட்சக்கணக்கான மக்கள் பிரெனே மலைகளைக் கடந்து பிரான்சுக்குள் வந்தார்கள்; பிரெஞ்சு அரசு அவர்களை முகாம்களில் அடைத்தது. கசால்ஸ் எல்லைக்கு அருகிலுள்ள பிராட் என்ற சிற்றூரில் தங்கி, அம்முகாம்களிலிருந்த தம் மக்களுக்கு உதவிகளைத் திரட்டினார். பின்னர் பிராங்கோவின் ஆட்சியை நாடுகள் ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டபோது, அந்நாடுகளின் மேடைகளில் வாசிக்க மறுத்தார். 1973இல் புவேர்ட்டோ றிக்கோவில் இறக்கும்வரை ஸ்பெயினுக்குத் திரும்பி வாழவில்லை. 1979இல்தான் அவருடைய உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டு சென்றார்கள். பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எந்த முகாம்கள்?" என்று மட்டும் கேட்டார். நாம் பெயர்களைச் சொன்னோம். எழுதி வைத்துக்கொண்டார்.

இந்த இலக்கத்துக்கு வந்ததும் அவர் எம் கையைப் பிடித்தார். "இது நீ நிப்பாட்டச் சொன்ன தட்டு" என்றார்.

எமக்கு மறக்கவில்லை. அவர் மறந்திருப்பார் என்று எண்ணியிருந்தோம்.

நாம் இந்நாட்டுக்கு வந்தது 2008இன் இறுதியில். 2009 வைகாசியில் எமது தங்கை வன்னியில் இருந்தாள். மூன்று கிழமைகளாக எந்தத் தகவலும் இல்லை. பகல் முழுவதும் எம்மவரோடு தெருவில் நின்று கத்திவிட்டு, இரவு பெரியப்பாவைப் பார்க்கச் சென்றோம். கதவைத் திறந்தபோது செலோ ஒலித்துக்கொண்டிருந்தது. அங்கே சனம் செத்துக்கொண்டிருக்க உங்களுக்குப் பாட்டா என்று கேட்டோம். இன்னும் சொன்னோம், மச்சாள் பிள்ளைகளை உள்ளறைக்குக் கூட்டிச் செல்லும் அளவுக்குச் சொன்னோம். வெள்ளையனின் குப்பையைப் பொறுக்கி வைத்திருக்கும் மனிதர் என்றும் சொன்னோம். பெரியப்பா எழுந்து ஊசியைத் தூக்கினார், தட்டை உறையில் இட்டார், எதுவும் பேசவில்லை. ஆனி மாதத்தில் தங்கை செட்டிகுளம் முகாமில் இருப்பதாகத் தகவல் கிடைத்தது. அதன்பின் அந்த இரவைப் பற்றி எவரும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்க நாம் பல தடவை எண்ணினோம், எண்ணியதோடு நின்றோம்.

இப்போது கேட்டோம், கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டே அவர் சொன்னார்: "அண்டைக்கு நீ வருவாய் எண்டு தெரியும். தங்கச்சியைப் பற்றிக் கேட்டால் சொல்ல என்னட்டை ஒண்டும் இல்லை. அதுதான் அதைப் போட்டிட்டு இருந்தனான்."

188ஆம் இலக்கத்துக்கு எதிரே, தட்டின் நிலை என்ற கோட்டில், "நல்லது, முதற் பக்கத்தில் ஒரு கீறல்" என்று எழுதினோம்.

மேசைப் பிரச்சினை சித்திரையில் தீர்ந்தது. தச்சு வேலை தெரிந்த நண்பர் ஒருவர், தட்டடுக்கின் மேலிரு வரிசைகளையும் கழற்றிவிட்டு, எஞ்சிய வரிசைகளின் மீது நீளப் பலகை ஒன்றைப் பொருத்தினார். பேத்தி இப்போது அதில் இருந்து படிக்கிறாள். 160 தட்டுகள் வெளியேற வேண்டியதாயிற்று. எவை என்று தீர்மானித்ததில்தான் எமக்குப் பெரியப்பாவோடு உடன்பாடில்லை. தமிழ்த் திரைப்பாடல் தட்டுகளையே அவர் பெரும்பாலும் கழித்தார். "உதெல்லாம் இப்ப கைத்தொலைபேசியிலை கிடக்கு. மற்றதுகளை நான் எங்கை தேடுறது?" என்பது அவர் வாதம். கைத்தொலைபேசியில் எல்லாம் இருக்கிறது என்பது பொய். உறையின் பின்புறத்தில் வாத்தியக்காரரின் பெயர்கள் அச்சிட்ட தட்டுகளும் அவற்றுள் இருந்தன; அப்பெயர்களை அங்கே எவரும் ஏற்றி வைப்பதில்லை. எமது வாடகை அறையில் பன்னிரண்டுக்குத்தான் இடமுண்டு. பன்னிரண்டை எடுத்து வந்தோம். எஞ்சியவற்றை வாங்கிக்கொண்டவர் பார்பெஸ் கடைக்காரரின் மகன். தந்தையார் காலமாகிவிட்டார். மகன் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, உம்மு குல்தூமின் தட்டு ஒன்றை இனாமாக வைத்தார். மச்சாளுக்கு அது இன்னும் தெரியாது.

பட்டியல் 252 இலக்கங்களோடு இப்போதைக்கு முடிந்திருக்கிறது. இனாம் தட்டு அதில் இல்லை. அதிர்வை விரலால் உணர்வதற்காக ஒலிபெருக்கிப் பெட்டியின்மேல் இடக்கையை வைத்தபடிதான் பெரியப்பா இப்போது இசை கேட்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை எம்மைச் சென்-துவான் சந்தைக்கு வரச் சொல்லியிருக்கிறார். ஊசி வாங்குவதற்காகவாம். ஒரு ஊசி வாங்க எதற்கு இரண்டு பெரிய பைகள் என்று மச்சாள் கேட்டதற்கு, மழை வரலாம் என்று பதில் சொல்லியிருக்கிறார்.